ஏழாம் காம்பரா பெரியம்மாவுக்கு

அன்புள்ள பெரியம்மா,

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது இஸ்தோப்பில் உட்கார்ந்து இதைச் சத்தமாக வாசிக்கட்டும், லயம் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

2004. சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரம். கணிதத்தில் தவறியிருந்தேன். கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பும் பேச்சும் நடந்தது. அது மட்டும்தான் என் துயரத்துக்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். பல மாதமாகவே எனக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. "வயசுப் புள்ளைக்குத் திமிரு" என்றார்கள். பீலியடியில் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்ற என்னை நீங்கள் பார்த்தீர்கள். குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் கேட்டீர்கள்: "செத்துப் போவணும்னு தோணுதா புள்ள?"

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று இன்றும் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தவறு என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி அழுகையைத் தந்தது. எத்தனையோ மாதத்தில் வந்த முதல் அழுகை.

அன்றிரவே பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் காம்பராவுக்கு வந்தீர்கள். பதினொரு இரவு என் பக்கத்திலேயே படுத்தீர்கள். பகலில் நீங்கள் மலைக்குப் போனால் அடுத்த காம்பரா அக்கா இருப்பார்; அவருக்கு வேலை என்றால் பிள்ளை மடுவத்து ஆயாம்மா. யாரும் என்னிடம் ஏன், எதற்கு என்று துருவவில்லை. அரிசியில் கல் பொறுக்கச் சொன்னீர்கள், பொறுக்கினேன். பெரியப்பாவிடம் சொல்லி, மரக்கறிப் பாத்திக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாங்கித் தூரத்தில் பூட்டி வைத்தீர்கள். மனநல கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப்போன அன்று உங்களுக்குப் பேர் விழவில்லை. அந்தச் சம்பளம் இல்லாமல் உங்கள் வீட்டில் என்ன குறைந்தது என்று இதுவரை நான் கேட்டதேயில்லை, பெரியம்மா.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில்தான் எனக்கு ஒன்று தெரிய வந்தது. நீங்கள் லயத்தில் செய்ததை இந்த நாடும் செய்திருக்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக மோசமான நிலைகளில் அதுவும் ஒன்று. பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் 1984 முதலே கொடிய விவசாய நஞ்சுகளைத் தடைசெய்து வந்தது. 1995இலும் 1998இலும் தடைகள் இறுகின, 2008க்குப் பின் இன்னும் சில சேர்ந்தன. 1995க்கும் 2015க்கும் இடையில் சுமார் 93,000 உயிர்கள் இதனால் தப்பின என்பது ஆய்வாளர்களின் கணக்கு. சாகும் எண்ணம் பல நேரம் ஒரு பொல்லாத பொழுதில் உச்சத்துக்கு ஏறிப் பிறகு தணிந்துவிடும். நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால், பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால், அந்தப் பொழுது கடந்து போகும். கோப்பில் கையெழுத்திட்ட அந்த அதிகாரிகளுக்கும் இந்த மடலில் என் கும்பிடு.

இன்னொன்றையும் லயத்தார் கேட்கட்டும். உயிரை மாய்க்க முயல்வது 1998 வரை சட்டப்படி குற்றம். பொலிசுக்குப் பயந்து "வயித்து வலி" என்று சொல்லி மூடிய வீடுகள் நமக்குத் தெரியும். அந்தச் சட்டம் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. இனி மூட வேண்டியதில்லை. சுமித்ரயோ அமைப்பு 1974 முதல் இந்த நாட்டில் துயரப்பட்டவர்களுக்குக் காது கொடுக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளின் கொப்பி அட்டையில் எழுதி வையுங்கள்.

கணிதத்தை மறுபடி எழுதித் தேறினேன். இன்று வகுப்பில் ஒரு பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மூன்று நாள் வீட்டுக்குக் கொண்டுபோனால், உங்கள் கேள்வியை உங்கள் சொல்லிலேயே கேட்கிறேன். கேட்டுவிட்டு எழுந்து போவதில்லை.

பெரியப்பா போன பிறகு இரவில் தனியாகத்தான் படுக்கிறீர்களாம். ஏப்ரல் விடுமுறைக்கு வருகிறேன். பாய் நான் கொண்டு வருகிறேன்.

உங்கள் புள்ள