சிற்றாற்றுக்கு ஒரு நோட்டு

குற்றால மலையில் இறங்கும் சிற்றாறு கங்கைகொண்டானைக் கடந்து, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது. அதன் தண்ணீரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும், “முன்ன மாதிரி இல்லய்யா” என்பார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் முன்னே எப்படி இருந்தது என்று எழுதிவைத்த தாள் நம் கையில் இல்லை. சாக்கடை, உரம், ஆலை என்று எதைப் பற்றி மனு கொடுக்கப் போனாலும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களைத் தண்ணீர் பரிசோதிக்கப் பழக்குகிறார்கள். கலங்கல், கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாம் அவர்களுக்குத் தரும் பரிசோதனைப் பெட்டியை வைத்தே பார்க்கலாம். குழாய்க்கும் கிணற்றுக்கும் என்று தந்த பெட்டி அது. அதோடு அவர்கள் ஆற்றுக்கும் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. கிருமி காட்டும் குப்பி மட்டும் இங்கே அதிகம் உதவாது. கிருமி இருந்தால் அது கறுக்கும்; மாடு இறங்கும் ஆற்றில் பெரும்பாலும் கறுத்துத்தான் போகும்.

ஆறு உயிரோடு இருக்கிறதா என்று சொல்வது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். அதை அளக்க விங்க்ளர் 1888இல் கண்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குமிழி இல்லாமல் நிரப்பிய குப்பியில் மாங்கனீசு உப்பும் கார அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் பழுப்பாக வண்டல் திரளும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். வேதியியல் ஆசிரியர் பக்கத்தில் நிற்க, பள்ளிப் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்க்க வேண்டும். குளிக்கத் தகுந்த ஆற்றில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

அளக்கும் நேரம் முக்கியம். வெயிலில் பாசி ஆக்சிஜனை விடும். இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனை எடுக்கும். பிற்பகலில் நன்றாகத் தெரிந்த தேங்கலில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளாத அளவு, எத்தனை துல்லியமான கருவியில் எடுத்தாலும் வீண்.

தன்னார்வலர் கணக்கு நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே பதில் இருக்கிறது. 2011இல் தொடங்கிய தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மாணவர்களும் ஆர்வலர்களும் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். பறவைக்கு முடிந்தது தண்ணீருக்கும் முடியும்.

தொடங்க மூன்று இடம் போதும்: ஊருக்கு மேலே, ஊருக்குக் கீழே, தாமிரபரணியில் சேருமிடத்துக்குச் சற்று முன்னே. மாதம் ஒரு விடியற்காலை. தேதி, நேரம், முந்தின நாள் மழை உண்டா, பிறகு எண்கள். படித்துறையில் குளிக்க வந்தவர் தண்ணீரைப் பற்றிச் சொன்னதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.