கரும்பலகையாகாத கடல்

வளிமண்டலத்தில் மிதந்து திரியும் நுண்ணிய திண்ம, திரவத் துணிக்கைகளை விஞ்ஞானிகள் ஏரோசொல் என வழங்குவர். கடலுப்பு, பாலைவனத் தூசு, விறகுப் புகை, வாகனப் புகை, நிலக்கரி எரிவதனால் உண்டாகும் சல்பேற்று யாவும் இதனுள் அடங்கும். இவற்றைச் செய்மதி கொண்டு கடலின்மேல் அளப்பது பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும் உடுப்பிட்டியிலே வளர்ந்தவனுக்கு இஃது அயலார் விடயமன்று. ஊருக்கு வடக்கே வல்வெட்டித்துறைக் கரை. அதற்கப்பால் பாக்கு நீரிணை. அதற்கும் அப்பால் கோடிக்கரை. வாடைக்காற்று எதனைச் சுமந்து வருகின்றது என்பது எமது மூச்சோடு தொடர்புடைய வினாவாகும்.

அளக்கும் முறை எளிய கருத்தொன்றில் தங்கியுள்ளது. ஆழ்கடல் எமது கண்ணுக்கு நீலமாகத் தோன்றினும், செந்நிற ஒளியையும் அதற்கு அடுத்துள்ள செங்கீழ்க் கதிரையும் அது பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆதலால் அந்த அலைநீளங்களில் மேலிருந்து நோக்கும் கருவிக்குக் கடல் ஒரு கரும்பலகை. அங்கு ஒளி தென்படின் அது நீர் அனுப்பியதன்று. இடையிலுள்ள காற்றும் துணிக்கைகளும் சிதறச் செய்ததே. காற்று மூலக்கூறுகளின் பங்கைக் கணித்துக் கழித்தால் எஞ்சுவது துணிக்கைகளின் பங்கு. அதனை ஒளியியல் ஆழம் என்னும் எண்ணாற் கூறுவர். அவ்வெண் 0.2 எனின், செங்குத்தாக இறங்கும் நேரொளியில் ஏறத்தாழ 18 சதவீதம் வழியிலேயே சிதறியோ உறிஞ்சப்பட்டோ போயிற்று என்பது பொருள். இரண்டு அலைநீளங்களில் அளந்தால் துணிக்கையின் பருமனும் ஓரளவு புலப்படும். உப்பும் தூசும் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவாக மறைக்கும். புகையோ குறுகிய அலைநீளத்தையே மிகுதியாக மறைக்கும்.

1999 மே 26ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய ஓசன்சாற்–1 செய்மதியின் கருவி எட்டு அலைவரிசைகளைக் கொண்டது. அவற்றுள் 765, 865 நனோமீற்றர் வரிசைகள் இரண்டும், கடலின் நிறத்தை மறைத்து நிற்கும் காற்றின் பங்கைக் கணித்து நீக்கும்பொருட்டு அமைந்தவை. கடலை ஆராய்வோர் களையெனப் பிடுங்கி எறிந்தது காற்றை ஆராய்வோருக்குப் பயிராயிற்று.

அதே ஆண்டின் ஜனவரி முதல் மார்ச் வரை எமது சமுத்திரத்தின்மேல் பெரியதோர் ஆய்வு நிகழ்ந்தது. இந்து சமுத்திரப் பரிசோதனை எனப்பட்ட அதற்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்று கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவகத்திற் பணியாற்றிய வீ. இராமநாதனும், 1995இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான போல் குறுட்சனும் தலைமை தாங்கினர். மெற்றியோசாற்–5 செய்மதி கிழக்கு நெடுங்கோடு 63 பாகைக்கு நகர்த்தப்பட்டது. மாலைதீவின் காசிதூ தீவில் ஓர் அவதான நிலையம் அமைந்தது. ‘சாகர் கன்யா’ முதலிய கப்பல்களும் விமானங்களும் உடன் சென்றன.

செய்மதி இருக்கக் கப்பல் எதற்கு? துணிக்கை எவ்வளவு ஒளியைச் சிதறச் செய்கின்றது, எவ்வளவை உறிஞ்சுகின்றது என்பதை மேலிருந்து நோக்கும் கருவி ஊகித்தே கொள்ள வேண்டும். புகைக்கரி ஒளியை உறிஞ்சுவது. இந்து சமுத்திரத்தின் வடபகுதியில், 3 கிலோமீற்றர் உயரம் வரை, ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீற்றர் பரப்பில் கபிலநிறப் புகார் கவிந்திருந்தமையை ஆய்வாளர் கண்டனர். கடற்பரப்பு இழந்த வெயில், வளிமண்டலத்தின் உச்சியில் தென்படும் இழப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதும் தெரியவந்தது. மேலிருந்து மட்டும் நோக்குபவன் இழப்பிற் பெரும்பகுதியைக் காணமாட்டான்.

2002இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் இதனை ‘ஆசியக் கபில முகில்’ எனப் பெயரிட்டு அறிக்கை வெளியிட்டது. இந்தியா ஆட்சேபித்தது, பின்னர் ‘வளிமண்டலக் கபில முகில்கள்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. 1952 டிசெம்பரில் இலண்டனில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட புகைக்கு எவரும் ஐரோப்பியப் புகையெனப் பெயரிடவில்லை என்பதை நோக்கின், அந்த ஆட்சேபம் நியாயமற்றதன்று. எனினும் பெயர் பற்றிய வழக்கில் காட்டிய ஊக்கத்திற் பாதியையேனும் அடுப்பிலும் ஆலையிலும் காட்டியிருக்கலாம்.

2022 டிசெம்பர் 8ஆம் திகதி, மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற வேளை, யாழ்ப்பாணத்து வானம் சாம்பல் பூத்திருந்தது. தொய்வு நோயாளியான என் அம்மம்மா அன்றிரவு முழுவதும் படுக்காமல் சுவரோடு சாய்ந்திருந்தார். “உது வாடைப் பனிதான் மோனை” என்றார். மறுநாள் நாடெங்கும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. இந்தியாவிலிருந்து மாசடைந்த காற்று வருகின்றது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்தது.

பனியன்று, புகை என எண்ணிட்டுக் காட்ட எமக்கு விருப்பம். ஆனால் முகில் மூடிய இடத்தில், ஞாயிற்றொளியை நம்பிய செய்மதிக் கருவி கீழுள்ள துணிக்கைகளை அளக்க மாட்டாது. முகில் விலகினும் வேறோர் இடர் உண்டு. பாக்கு விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கு மேற்படாது. வாடை வீசும் மாதங்களிற் சேறு கலங்கும். அமைதியான காலத்தில் அடிமணலே ஒளியைத் திருப்பி அனுப்பும். நடுச்சமுத்திரத்திற்கு வகுத்த கணிதம் இங்கே நீரின் வெண்மையைப் புகையென மயங்கக்கூடும். ஆதலால் இத்தகைய கரையோர அளவீடுகளைப் பலவேளைகளில் ஐயத்துக்குரியனவெனக் குறியிட்டு ஒதுக்குவர். மேலும், செய்மதி தருவது தரையிலிருந்து வானுச்சி வரையுள்ள மொத்தக் கணக்கு. அம்மம்மா சுவாசித்ததோ அடியிலுள்ள இரண்டு மீற்றர்க் காற்றை.

ஆழ்கடலுக்குச் செய்மதியே போதும் என்று சொல்வாரும் எமது கரைக்கு அவ்வாறு சொல்ல இயலாது. தரையில் நின்று ஞாயிற்றை நேரே நோக்கி அளக்கும் ஒளிமானியும், நிலமட்டக் காற்றை உறிஞ்சி நிறுக்கும் கருவியும் வடமராட்சிக் கரையில் ஒன்றாக இருத்தல் வேண்டும். கையடக்கமான ஒளிமானிகள் கிடைக்கின்றன. விஞ்ஞான பீடத்தார் ஒன்றைத் தருவார்களாயின், வாடை தொடங்குமுன் வல்வெட்டித்துறைக் கரையில் நின்று, முகிலற்ற பொழுதுகளில் எண்ணைக் குறித்துவைக்கும் பணியைக் கலைப்பீட மாணவரும் செய்யலாம்.