கட்டுச்சோறும் கடையாணியும்

நெடுவழி செல்வோர்க்கு வேண்டுவன இரண்டு என்று என் பாட்டனார் கூறுவார். ஒன்று கட்டுச்சோறு, மற்றொன்று கடையாணி. கட்டுச்சோறு செல்பவரைக் காக்கும். கடையாணி அவரைச் சுமக்கும் வண்டியைக் காக்கும். இவ்விரண்டையும் வீட்டில் எண்ணாதவன் காட்டில் நின்று எண்ண வேண்டிவரும் என்பது அவர் கருத்து. அக்கருத்தின் ஆழத்தை நான் என் பத்தாம் வயதில், ஓர் இரவில், ஆற்று மணலில் உணர்ந்தேன்.

எங்கள் ஊர் சிவகாசியை அடுத்த ஒரு சிற்றூர். நாற்புறமும் கரிசல் நிலம். வெயிற்காலத்தில் அம்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தாலோ களியாகிச் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். சாலை என்று சொல்லத்தக்க எதுவும் அந்நாளில் எங்கள் ஊருக்கு இல்லை. வண்டித் தடம் ஒன்றே உண்டு. ஆண்டுதோறும் ஆடி மாதத்தின் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குச் செல்வது எங்கள் குடும்ப வழக்கம். சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் பகுதியில் அக்கோயில் அமைந்துள்ளது. எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவு. இன்று பேருந்தில் ஏறினால் பொழுது புலருமுன் சென்று சேரலாம். அன்றோ, மாட்டுவண்டியில் புறப்பட்டு, வழியில் ஓர் இரவு தங்கி, பிறகு ஆற்று மணலில் இரண்டு இரவுகள் குடியிருந்து திரும்புவோம். அந்நான்கு நாளும் வண்டியே எங்கள் வீடு. வண்டியே எங்கள் களஞ்சியம்.

ஆகவே, பயணத்துக்கு ஒரு வாரம் முன்னரே பாட்டனார் வண்டியைச் சீர்செய்யத் தொடங்குவார். கோடையில் மரம் சுருங்குவதால் சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்திருக்கும். சக்கரங்களைக் கழற்றி இரவு முழுவதும் கிணற்றடித் தொட்டியில் ஊறவைப்பார். மரம் நீரை உண்டு பருக்கும். பட்டை தானே இறுகும். பிறகு அச்சுக்கு மசகு இடுவார். மூங்கிற் பிளாச்சுகளை வளைத்துக் கூண்டு கட்டி, மேலே பனையோலைப் பாய் வேய்வார். மாற்றுக் கடையாணி இரண்டு, பூட்டாங்கயிறு ஒன்று, மசகுக் கொட்டாங்கச்சி ஒன்று, சிறு கோடரி ஒன்று ஆகியவற்றை ஒரு பையில் இட்டு, ஏர்க்காலின் அருகே கட்டுவார். “இருட்டில் கை நீட்டினால் விளக்கில்லாமல் கிடைக்கும் பொருளே நம்முடைய பொருள், தேடிக் கிடைப்பது நம்முடையதன்று” என்பார்.

பாரம் ஏற்றுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி காளைகளின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். ஆதலால் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை ஆகிய கனத்த பொருள்களை அச்சின் அருகே தாழ வைப்பார். பாய், துணி முதலியன ஓரங்களுக்குப் போகும். மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் கூறியிருப்பதை அவர் படித்தறியார். ஆயினும் அவர் கைகள் அதனை அறிந்திருந்தன.

எல்லாவற்றிலும் மேலாக அவர் காத்துவந்தது தீயின் முறை. மாடுகளுக்குரிய வைக்கோல் வண்டியின் உள்ளே இருக்கும். பருத்திமார் விறகும், அடுப்பு மூட்டுவதற்குரிய காய்ந்த ஓலையும் ஒரு சாக்கில் கட்டப்பட்டு, கூண்டுக்கு வெளியே பின்புறத்தில் தொங்கும். தீப்பெட்டி அவர் மடியைவிட்டு இறங்காது. ஆடிக்காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்த்து, வண்டியிலிருந்து இருபது அடி அப்பால்தான் அடுப்புக்கு இடம் குறிப்பார்.

1962ஆம் ஆண்டு ஆடியில் நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள், சிவகாசியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எனக்கு ஒரு கட்டு ஓலைவெடி தந்தார். ஆற்று மணலில் நண்பர்கள் நடுவே அதனை வெடித்துப் பெருமை பெற வேண்டும் என்பது என் ஆசை. பாட்டனாரிடம் கேட்டால் இசையமாட்டார். எங்கே ஒளிப்பது? சிறிய முக்கோணமாக மடித்த பனையோலைக்குள் மருந்தை இட்டுச் செய்வது ஓலைவெடி. ஓலையை ஓலையோடு வைத்தால் எவர் கண்டுபிடிப்பார்? விறகுச் சாக்கை அவிழ்த்தேன்; அடுப்போலைக்கு நடுவே வெடிக்கட்டைச் செருகினேன்; சாக்கை மீண்டும் கட்டினேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மாலை இருக்கன்குடியை அடைந்தோம். மணல் தொடங்கும் இடத்தில் சக்கரங்கள் புதைந்தன. எல்லாரும் இறங்கினோம். பனைமட்டைகளைச் சக்கரத்தின் முன் பரப்பி, தோள் கொடுத்துத் தள்ளி வண்டியைக் கரையேற்றினோம். எங்கு நோக்கினும் கூண்டு வண்டிகள். எங்கு நோக்கினும் அடுப்புகளின் ஒளி. மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்தோம். பாட்டி என் தங்கையை மடியில் இருத்திக்கொண்டு மூன்று கற்களைக் கூட்டினார். அந்தக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அடுப்பு புகைந்தது; சரியாகப் பற்றவில்லை. “அந்த ஓலைச் சாக்கை இப்படித் தள்ளு” என்று என்னைப் பார்த்துப் பாட்டி கை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ‘அதில் வெடி இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். நான்கு சொற்கூட இல்லை. ஆயினும் என் நா எழவில்லை. அடிக்கு அஞ்சினேனா, ஏச்சுக்கு அஞ்சினேனா, அறியேன். சாக்கின் அருகே மரம்போல் நின்றேன்.

பாட்டனார் தாமே எழுந்து வந்து சாக்கைத் தூக்கினார். அதன் வாயை அவிழ்க்கப் போனவர் கை சட்டென்று நின்றது. இருளில் விரலால் முடிச்சைத் தடவினார். “இது நான் போட்ட முடிச்சு அன்று” என்றார். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல், சாக்கைத் தொலைவில் கொண்டுசென்று கொட்டினார். ஒவ்வோர் ஓலையாகத் தடவி எடுத்தார். வெடிக்கட்டு அகப்பட்டது. என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவ்வளவே.

அவர் என்னை அடிக்கவில்லை. கையைப் பிடித்து ஊற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார். வெடிகளைக் குடத்து நீரில் நன்றாக ஊறவைத்து, மணலில் குழி தோண்டிப் புதைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “தம்பி, வெடி தீயதன்று, விறகும் தீயதன்று. இரண்டையும் ஒரே சாக்கில் இட்டதுதான் தீது. அதற்கும் மேலான தீது ஒன்று உண்டு. பாட்டி கை நீட்டியபோது நீ வாய் திறக்கவில்லை.” அன்றிரவு நான் உண்ணவில்லை. கூண்டுக்குள் உறங்கிய தங்கையின் மூச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தேன்.

ஆண்டுகள் அறுபதுக்கு மேல் கடந்துவிட்டன. இப்போது என் பேரன் பொறியியல் கற்றவன். நண்பர் நால்வருடன் தார்ப் பாலைவனம்வரை செல்ல வேண்டும், விடுதிகளில் தங்காமல் வெட்டவெளியில் தங்கியே செல்ல வேண்டும் என்பது அவன் விருப்பம். இவ்வகைப் பயணம் உலகெங்கும் உண்டு. 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் மாணவர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் இலண்டனை விட்டுப் புறப்பட்டனர். நம் நாட்டின் வழியாகவும் சென்று, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், அமெரிக்காவின் ஓரிகன் வழியில் கூண்டு வண்டிகளில் மேற்கே சென்ற குடியேறிகள், பாரம் தாங்காமல் அடுப்புகளையும் மரப்பெட்டிகளையும் வழியிலேயே எறிந்துவிட்டுச் சென்றனர். எதை விட்டுச் செல்வது என்பதை வீட்டில் முடிவு செய்யாதவர் வழியில் முடிவு செய்தனர்.

பேரன் தன் வண்டியின் பின்னே இழுத்துச் செல்ல டிரெய்லர் எனப்படும் பின்வண்டி ஒன்றை விருதுநகரில் ஒரு பட்டறையில் அமைத்தான். பதிவுச் சான்றிதழில் கண்ட அமைப்பை ஒப்புதலின்றி மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுப்பதால், முறைப்படி ஒப்புதல் பெற்றே வேலையைத் தொடங்கினான். அது முடிந்ததும் என்னை அழைத்துச் சென்று காட்டினான்.

வியப்புடன் பார்த்தேன். பாட்டனாரின் வண்டியே இரும்பில் மறுபிறவி எடுத்ததுபோல் இருந்தது. பின்வண்டியின் எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின்மேல் அமைய வேண்டுமாம். பின்பாரம் மிகுந்தால் விரைந்து செல்லும்போது வண்டி பாம்புபோல் ஆடுமாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று ஐவருக்கு மூன்று நாளைக்கு 75 லிட்டர் தண்ணீர். அதன் எடை 75 கிலோகிராம். அத்தொட்டியை அச்சின் அருகே தாழ அமைத்திருந்தான். மணலில் சக்கரம் புதையாமல் இருக்கக் காற்றைச் சிறிது குறைப்பார்களாம். சக்கரம் அகன்று பதியும். கெட்டிச் சாலை வந்ததும் மீண்டும் காற்றை நிரப்ப வேண்டும். பனைமட்டைக்கு ஈடாக, சக்கரத்தின் முன் இடுவதற்குத் துளையிட்ட பலகைகள் இரண்டு இருந்தன. மாற்றுக் கடையாணிக்கு ஈடாக மாற்றுச் சக்கரமும் கருவிப் பையும் இருந்தன.

இறுதியாக ஒரு சிறிய அறையின் கதவைத் திறந்தான். அதனுள் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் மின்கலம் இருந்தது. அதன் அருகிலேயே சமையல் எரிவாயு உருளை நின்றது. காற்றுப் புக வழியில்லாதபடி கதவு நன்றாகப் பொருந்தியது.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும் என்பதை எங்கோ படித்திருந்தேன். மின்கலத்தின் இணைப்பில் ஒரு பொறி எழுந்தால் போதும். ஆயினும் உடனே சொல்லத் தயங்கினேன். அவன் பொறியியல் கற்றவன். பட்டறைத் தலைவர் அருகே நின்றார். நானோ மாட்டுவண்டி அறிந்த கிழவன். ‘இவர்களுக்குத் தெரியாததா?’ என்று மனம் கேட்டது. அக்கணமே வைப்பாற்று மணலில் பாட்டி நீட்டிய கை என் கண்முன் வந்தது. வாய் திறந்தேன். ஓலைவெடியின் கதையை முழுவதும் சொன்னேன்.

பேரன் பேசாமல் கேட்டான். அவனும் சிவகாசிப் பக்கத்துப் பிள்ளை அல்லனா? பட்டாசு ஆலைகளில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டுவது ஏன் என்பதை அறிந்தவன். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த கொடிய விபத்தின் ஓசையும் புகையும் எங்கள் பகுதியார் எவரும் மறவாதவை. “தாத்தா, இடம் மிச்சம் பிடிக்க நினைத்தேன், இதை நினைக்கவில்லை” என்றான். அன்றே உருளையைப் பெயர்த்து, பின்வண்டியின் முன்புறத்தில், வெளியே, அடிப்பக்கம் திறப்புகள் உள்ள தனிக் கூட்டில் பொருத்தினான். கூட்டை மூடிய பின், “நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்” என்றான். நான் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

மாணவர்களே, வண்டிகள் மாறும், வழிகளும் மாறும். ஆயினும் புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மாறவில்லை. எது வேண்டும், எது வேண்டா, எது எதன் அருகே இருத்தலாகாது என்று எண்ணிப் பாருங்கள். தவறு கண்டால், அது நீங்களே செய்ததாயினும், உங்களினும் அறிந்தவர் செய்ததாயினும், வாய் திறந்து சொல்லுங்கள். முடிச்சைத் தடவிப் பார்க்கும் பாட்டனார் எல்லா வண்டியிலும் வருவதில்லை.