த்ராட்டிலைக் குறைத்தால் போதுமா?

நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. டிராக்டர் வேகமா போகுது, பின்னாடி ரோட்டவேட்டர் மண்ணைக் கட்டி கட்டியா விடுது. என்ன செய்வீங்க? "த்ராட்டிலைக் குறை"ன்னுதானே சொல்வீங்க? நானும் அதைத்தான் சொன்னேன். மூணாவது வருஷம் மெக்கானிக்கல் வேற!

பூந்தமல்லி தாண்டி, திருமழிசைப் பக்கம் மாமாவுக்கு 40 சென்ட் கீரைத் தோட்டம். சுத்தி எல்லாம் பிளாட் கல் நட்டாச்சு. இவ்வளவு சின்ன இடத்துக்குப் பெரிய டிராக்டர்காரங்க வாடகைக்கு வர்றதில்லை. அதனால மாமாவோட பழைய குட்டி டிராக்டருக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ரோட்டவேட்டரைப் பொருத்தினோம். "இதுவும் சரிவரலைன்னா நானும் கல்லு நட்டுட வேண்டியதுதான் மாப்ள" என்றார்.

த்ராட்டிலைக் குறைச்சோம். கட்டி அப்படியே இருந்தது. காரணம் எளிது: சக்கரத்துக்கும் கத்திக்கும் ஒரே இன்ஜின். ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணும் அதே விகிதத்தில் குறையும்.

ராத்திரி கணக்குப் போட்டேன். முதல் கியரில் மணிக்கு 4.5 கி.மீ., அதாவது நிமிடத்துக்கு 75 மீட்டர். ரோட்டர் நிமிடத்துக்கு 180 சுற்று. ஒரு சுற்றுக்குள் வண்டி 42 செ.மீ. நகர்ந்துவிடும். ஒரே தடத்தில் 3 கத்தி என்றால் ஒவ்வொரு வெட்டும் 14 செ.மீ. அரைக்கீரை விதையோ கடுகைவிடச் சின்னது. அந்தக் கட்டிக்கு அடியில் எப்படி முளைக்கும்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் கடையில், 12 பல் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பதிலா 18 பல் போட்டோம். ரோட்டர் 270 சுற்று, வெட்டு 9 செ.மீ. இப்போ இன்ஜின் திணறியது. இரண்டு ஓரத்திலும் கத்திகளைக் கழற்றி அகலத்தைக் குறைச்சதும் ஓடியது. மாமா ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார். "புட்டு மாதிரி இருக்குடா!"

1912ல் ஆஸ்திரேலியாவின் கில்காண்ட்ராவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்டும் இப்படித்தான் தொடங்கினார். அப்பாவின் நீராவி டிராக்டரிலிருந்து கத்திகளுக்குச் சுழற்சி கொடுத்தார். மண் பக்கவாட்டில் சிதறியது. 'எல்' வடிவக் கத்திக்கு மாறினார். 1920ல் காப்புரிமை பெற்றார்.

நீங்க செய்தால் ஒன்று மறக்காதீங்க. பி.டி.ஓ. ஷாஃப்ட் 540 சுற்று என்றால் நொடிக்கு 9. லுங்கி நுனி சிக்கினா கத்தக்கூட நேரமிருக்காது. மூடி போட்ட பிறகுதான் மாமாவை வண்டியில் ஏற விட்டேன்.

விதை போட்டாச்சு. அறுத்ததும் ஹாஸ்டலுக்கு ரெண்டு கட்டு கொண்டு வர்றேன்.