தேங்காய் துருவத் தெரிந்த பிள்ளை

குழந்தைகளுக்கான அறிவியல் நூல்களைச் செப்பனிடும் பெங்களூர்ப் பதிப்பாசிரியர் கைப்பிரதியில் முதலில் தேடுவது கலைச்சொற்களை அல்ல. ‘ஒளிச்சேர்க்கை’யைப் பிள்ளை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடும். அவர் பேனா நிற்பது இப்படிப்பட்ட இடத்தில்: “வெப்பப்படுத்தப்படும்போது விரிவடைவதால் தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விடப்படுகிறது.” எது விரிகிறது? இடைவெளி விட்டது யார்? கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். அவர் மாற்றி எழுதுகிறார்: “வெயிலில் தண்டவாளம் சூடாகும். சூடானால் நீளும். நீள இடம் வேண்டுமே, அதற்குத்தான் இடைவெளி.” இப்போது காரணமும் விளைவும் நடந்த வரிசையிலேயே நிற்கின்றன. (தண்டவாளங்களை இன்று பெரும்பாலும் பற்றவைத்துவிடுகிறார்களே என்பது அடுத்த திருத்தம்.)

பெங்களூரில் 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் பதிப்பகம், 2015இல் ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளத்தைத் திறந்தது. அதில் நூல்களுக்கு நான்கு வாசிப்பு நிலைகள். முதல் நிலைக்கு 250 சொற்களுக்குள் முடிக்க வேண்டும். ஏழு சீரில் குறள் சொன்ன மொழிக்கு இது தாராளம் என்று தோன்றலாம். மழை ஏன் பெய்கிறது என்று எழுதிப் பார்த்தால் தெரியும்.

பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் அசர் ஆய்வில், 2022ஆம் ஆண்டு கிராமப்புற ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் 42.8 விழுக்காட்டினரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. இதைக் கேட்டதும் பலரும் சொல்வது: முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும், அறிவியல் பிறகு. நூல் செய்பவர்களுக்கு இந்த வரிசையில் உடன்பாடில்லை.

அமெரிக்காவில் 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையைக் கொடுத்தார்கள். படித்ததை மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களை முந்திவிட்டார்கள். பேஸ்பாலுக்குப் பதில் கிரிக்கெட் என்று வைத்துக்கொண்டால் நமக்கு விளக்கமே வேண்டாம். விஷயம் தெரிந்தால் வரி புரியும். வரி புரிந்தால் அடுத்த விஷயம் தெரியும்.

ராஜீவ் ஐப்பின் ‘அம்மாச்சீஸ் அமேசிங் மெஷீன்ஸ்’ என்ற படக்கதை இந்த வழியில்தான் போகிறது. பேரனும் பாட்டியும் தேங்காய் பர்பி செய்கிறார்கள். நெம்புகோலும் கப்பியும் சாய்தளமும் அந்த வேலைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. வீட்டில் தேங்காய் துருவிக் கொடுக்கும் பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஆனால் படத்திலும் ஆபத்து உண்டு. கப்பியில் வாளி மேலேறுவதைப் படம் காட்டிவிட்டால், அதையே சொல்லும் வரியைப் பிள்ளை படிப்பதில்லை. படத்தைப் பார்த்து ஒப்பித்துவிடும். அதனால் அந்த வரியை அடித்துவிட்டு, படத்தால் காட்ட முடியாததைக் கேட்கிறார் பதிப்பாசிரியர்: “கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி ஏன் மேலே போகிறது?” இங்கே பிள்ளையின் விரல் வரியில் நிற்கும், வாசிக்காமல் தப்ப முடியாது.

பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படிக்கும் பிள்ளைகள் உண்டு. பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பள்ளியில் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கொடுத்தால் கொஞ்சம் வரும். ஸ்டோரிவீவர் கதைகளுக்குத் திறந்த உரிமம் என்பதால், நிலை கூடிப்போன கதையை ஆசிரியரே தன் வகுப்புக்கு ஏற்றபடி சுருக்கி எழுதிக்கொள்ளலாம்.