ஓரத்தில் இருந்த பெயர்



போன மாதம் இதே சுவரில், இதே இடத்தில் ஒரு மீன்கொத்திப் படம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நம்ம ஊர் ஏரித் தண்ணீருக்கு மேலே ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும். தலையைக் குனிந்து தண்ணீரையே பார்க்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இன்டர்வெல்லில் அதைப் பார்க்க முட்டி மோதினார்கள். அதன் கீழே "ஏரியும் பறவைகளும்" என்று பத்து வரி எழுதி, என் பெயரையும் வகுப்பையும் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தேன்.

அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.

அப்பாவின் போனில், ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஃபார்வர்ட் செய்த படம் அது. வலது பக்க ஓரத்தில் வெள்ளை எழுத்தில் சின்னதாக ஒரு பெயர் இருந்தது. யார் பெயர் என்று நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. படத்தைக் கெடுக்கிற மாதிரி இருந்ததால் போனிலேயே அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். ஜெராக்ஸ் கடையில் 20 ரூபாய் கொடுத்து கலர் பிரிண்ட் எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திருடுகிறோம் என்ற நினைப்பே அப்போது இல்லை. நெட்டில் வருவது எல்லாருக்கும் பொதுதானே என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அடுத்து நான் செய்ததற்கு அந்தச் சமாதானமும் கிடையாது. தலைமையாசிரியை அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கே, நீயாம்மா எடுத்தே?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் பிரேயரில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற தோழி மட்டும் தட்டவில்லை.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் மதியம் சாப்பிடும்போது நானே கேட்டேன்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"அது எங்க அண்ணன் எடுத்த போட்டோடி. ஓரத்துல அவன் பேரு இருந்துச்சே, எங்க போச்சு?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. "அப்பவே மிஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா உன் பேரு கெட்டுடும்ல, அதான் சொல்லல" என்றாள். நான் அவள் அண்ணன் பெயரை வெட்டி எறிந்திருக்கிறேன். அவள் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

சனிக்கிழமை அவளோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணனின் ஸ்டூடியோவுக்குப் போனேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரில் அந்த நாள் எடுத்த படங்களை எல்லாம் காட்டினார். 400-க்கும் மேலே இருந்தது. பாதியில் பறவை மங்கலாக இருந்தது. சிலதில் வெறும் தண்ணீர்தான். ஒரே ஒரு படத்தில்தான் கண், அலகு, சிறகு எல்லாம் தெளிவாக இருந்தது. அதுதான் நான் ஓரத்தை வெட்டிய படம்.

இந்த மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே கொஞ்ச நேரம்தான் நிற்குமாம். அப்புறம் அம்பு மாதிரி உள்ளே பாய்ந்துவிடுமாம். சிறகு அசைவது தெரியாமல் இருக்க ஒரு விநாடியில் 2000-ல் ஒரு பங்கு நேரத்தில் படம் விழ வேண்டும் என்றார். அதற்காக நாலு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கே போய், பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரைச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறார். லென்ஸ் பழசு வாங்கினது, இன்னும் தவணை முடியவில்லை.

"கோவம் எல்லாம் இல்லம்மா," என்றார். "வாரம் பூரா கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். காசு வாங்கிட்டு எடுக்கறது எல்லாம் அவங்களோடது. இந்த ஞாயித்துக்கிழமை படம் மட்டும்தான் என்னோடது."

போன வருஷம் ஒரு கடையின் காலண்டரில் அவர் எடுத்த கொக்குப் படம் கேட்காமலே வந்திருக்கிறது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் "நான் எடுத்ததும்மா" என்று அம்மாவிடம் காட்டினாராம். அம்மா மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு, "இதுல உன் பேரே இல்லையேடா?" என்று கேட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம் நாட்டில் 1957-லேயே காப்புரிமைச் சட்டம் வந்துவிட்டது என்றார். படத்தை எடுத்த உடனே உரிமை வந்துவிடும், எங்கேயும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எடுத்தவர் உயிரோடு இருக்கும்வரையும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது இருக்கும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போகும். அண்ணன் சொன்னது சட்டப்படியும் சரிதான்! ஆனால் உரிமையை வேறு யாருக்கு விற்றாலும், "இது நான் எடுத்தது" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எடுத்தவரை விட்டுப் போகாதாம்.

அப்புறம் சார் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். பச்சைப் புல் மேடு, நீல வானம், வெள்ளை மேகம். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களைத் திறந்தால் முதலில் வரும் படம். "இதை எடுத்தது யாருன்னு தெரியுமா?" என்றார். இதை யாராவது எடுத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றியதில்லை, கம்ப்யூட்டரில் வரைந்தது என்று நினைத்திருந்தேன். சார்லஸ் ஓரியர் என்பவர் 1996 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் காரில் போகும்போது பார்த்து, இறங்கி நின்று ஃபிலிம் கேமராவில் எடுத்தது. மைக்ரோசாஃப்ட் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கியது. இருந்தாலும் உலகம் முழுக்க கோடிக்கணக்கான பேர் தினமும் பார்த்த படத்தை எடுத்தவர் பெயர் அதில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழம்மா சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குறுந்தொகையில் சில பாடல்களை எழுதியவர் பெயர் தொகுத்தவர்களுக்குத் தெரியவில்லையாம். அதற்காக அந்த இடத்தைச் சும்மா விடவில்லை, தங்கள் பெயரையும் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பாட்டில் வரும் அழகான தொடரையே புலவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். பெயர் தெரியாதபோதே அவர்கள் அவ்வளவு மரியாதை கொடுத்தார்கள். நான் எழுதியிருந்த பெயரையே வெட்டினேன்.

நண்பர்களே, நாம் எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறோம், புராஜெக்டுக்குப் படம் ஒட்டுகிறோம். நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். படத்தில் பெயர் இருந்தால் வெட்டாதீர்கள். இல்லை என்றால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், முதலில் போட்டவர் பல நேரம் கிடைத்துவிடுவார். "நன்றி: கூகுள்" என்று எழுதாதீர்கள். கூகுள் தேடித்தான் தரும், படம் எடுக்காது. கல்யாண வீட்டில் சமையல்காரரை விட்டுவிட்டு வாழை இலைக்கு நன்றி சொல்கிற மாதிரி ஆகிவிடும். பெயர் போட்டால் மட்டும் போதாது, முடிந்தால் கேட்டுவிட்டே போடுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு நிறையப் படங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பெரும்பாலானவற்றுக்கு எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் எழுத வேண்டும்.

நடந்ததை வகுப்பாசிரியையிடம் சொன்னபோது, "எந்தச் சுவத்துல தப்பு நடந்துச்சோ, அதே சுவத்துல எழுது" என்றார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை. தலைமையாசிரியை அம்மா, அன்று நான் சிரித்ததற்கு மன்னித்துவிடுங்கள். அந்தக் கைதட்டல் எனக்கு உரியது இல்லை.

பக்கத்தில் அதே மீன்கொத்தியை மறுபடி ஒட்டியிருக்கிறேன். இந்த முறை அண்ணனிடம் கேட்டு, அவரே பிரிண்ட் போட்டுக் கொடுத்த முழுப் படம். கட்டுரையில் அவர் பெயரை நான் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், படத்தின் ஓரத்தில் இருக்கிறது. பறவையைப் பார்த்துவிட்டு அதையும் ஒரு தடவை படியுங்கள்.



பதினோராம் வகுப்பு மாணவி