தம்பி முடிச்ச வகுப்பு

அன்னதானத்துக்கு நம்மோடு காய் நறுக்கும் ஒரு தம்பியின் அனுமதியோடு இதை எழுதுறேன்.

சிங்கப்பூரில் 2024 ஜூலை 1 முதல், 21 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போடுமுன் இணையத்தில் ஒரு வகுப்பு முடிக்கணும். பிரிஞ்ச பிறகும் பிள்ளையை ரெண்டு பேருமா வளர்ப்பது பற்றிய பாடம்.

"தனியா பார்க்க மனசு வரலண்ணே, கூட உக்காருங்க"ன்னார். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு மண்டபத்து ஓரமா கைப்பேசியைத் திறந்தோம். வீடு, பணம், பிள்ளை யாரோட இருக்கும்னு ஓடிச்சு. அதுவரை தண்டனை மாதிரிதான் பார்த்தார். பிள்ளை முன்னாடி சண்டை வேண்டாம்னு வந்த இடத்தில் நிறுத்திட்டார். போன வாரம் அர்ச்சனைச் சீட்டில் அம்மா பேரையும் எழுதச் சொல்லி மகள் கேட்டாளாம். இவர் எழுதல.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மீதியையும் பார்த்து முடிச்சார்.

இப்ப நமக்கு. அந்தக் குடும்பத்தைப் பத்தி பிரசாத வரிசையில் சிலர் பேசுறது என் காதிலும் விழுது. அந்தப் பிள்ளையும் அதே வரிசையில்தான் நிக்குது. அதுக்குத் தமிழ் நல்லாவே புரியும்.

நேத்து சீட்டு எழுதுற மேசையில் நான்தான் இருந்தேன். மூணு பேர், மூணு நட்சத்திரம் சொன்னார் தம்பி.